ஊர் வீடா, மகனின் அடுக்குமாடி வீடா?

அப்பா போனபின் அம்மாவை ஊரிலேயே விடுவதா, சென்னைக்கு அழைத்துக்கொள்வதா? பிள்ளைகள் பெரும்பாலும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று மட்டுமே பார்க்கிறார்கள்.

அந்தக் கணக்கில் நகரம்தான் வெல்லும். நெஞ்சுவலி வந்தால் ஒவ்வொரு நிமிடமும் உயிர். ஆனால் ஐந்தாவது மாடியில், காலையில் எல்லோரும் கிளம்பிக் கதவைச் சாத்திவிட்டால் மாலைவரை பேச ஆளில்லை. சாலையைத் தனியாகக் கடக்கப் பயம். சமையலறை மருமகளுடையது, கீரை ஆய்வதற்குக்கூடக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊரில் திண்ணையில் உட்கார்ந்தாலே பால்காரர் முதல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்வரை "சாப்பிட்டாச்சா?" என்பார்கள். கோயில், ரேஷன் கடை, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று நடமாட்டம் அவர் கையில் இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருவுக்கும், கணவனை இழந்தவரை ஒதுக்கிவைக்கும் ஊருக்கும் இது பொருந்தாது.

நடமாட முடிகிறவரை ஊர்தான் என்பேன். எங்கிருந்தாலும் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரம் நீடித்தால் வயதுக் கோளாறு என்று தள்ளாதீர்கள், மனச்சோர்வாக இருக்கலாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.