ஆன்டெனா ஈட்டத்துக்கு எந்த அலகு: டிபிஐயா, டிபிடியா?

இரண்டு இடங்களை வானலை வழியாக இணைக்க ஆன்டெனா தேடியபோது, என் கைக்கு வந்த மூன்று விவரத்தாள்களில் ஒன்று ஈட்டத்தை (ஆன்டெனா ஒரு திசையில் திறனைக் குவிக்கும் அளவை) டிபிஐ (dBi) என்றும், மற்றொன்று டிபிடி (dBd) என்றும், மூன்றாவது வெறுமனே டிபி (dB, அதாவது டெசிபெல்; திறன் விகிதத்தை மடக்கையில் சொல்லும் அலகு) என்றும் குறித்திருந்தது. அன்று முதல் என் கணக்குகள் அனைத்தையும் டிபிஐயிலேயே எழுதுகிறேன்.

எல்லாத் திசைகளிலும் சமமாகக் கதிர்வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிடுவது டிபிஐ. அரை அலைநீளமுள்ள எளிய கம்பி ஆன்டெனாவான அரையலை டைபோலோடு ஒப்பிடுவது டிபிடி. டைபோலின் ஈட்டமே 2.15 டிபிஐ என்பதால், டிபிடி எண்ணோடு 2.15ஐக் கூட்டினால் போதும்.

டிபிடிக்கு உள்ள சிறப்பை நான் மறுக்கவில்லை. டைபோலை நம் கையாலேயே செய்து, அதே உயரத்தில் மாட்டி, சோதிக்கும் ஆன்டெனாவோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்; கற்பனை ஆன்டெனாவை எவராலும் செய்ய முடியாது. பண்பலை ஒலிபரப்பில் வழங்கும் செயலுறு கதிர்வீச்சுத் திறனும் (ERP, அனுப்பும் திறனோடு ஆன்டெனா ஈட்டத்தையும் சேர்த்த அளவு) டைபோலை அடிப்படையாகக் கொண்டதே.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இணைப்புக் கணக்கு, அதாவது மறுமுனைக்கு எவ்வளவு திறன் வந்து சேரும் என்ற கணக்கு. வெட்டவெளியில் அலை இழக்கும் திறனைக் கணக்கிடும் வழக்கமான வாய்பாடு, இரு முனைகளிலும் அந்தக் கற்பனை ஆன்டெனாவே இருப்பதாகக் கொண்டு அமைந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டருக்கு அது தரும் இழப்பு சுமார் 100 டெசிபெல். டிபிஐ எண்களை இதில் அப்படியே கூட்டிவிடலாம். டிபிடி எண்களை மாற்றாமல் கூட்டினாலோ, பிழை முனைக்கு 2.15 வீதம் இரு முனைகளிலும் சேர்ந்து 4.3 டெசிபெல் ஆகிறது; அதாவது வந்து சேரும் திறனை ஏறத்தாழ 2.7 மடங்கு குறைத்து மதிப்பிடுகிறோம். டிபிஐ எண்ணை டிபிடி என்று தவறாகக் கொண்டு இரு முனைகளிலும் 2.15ஐக் கூட்டிவிட்டால் பிழை எதிர்த்திசையில் போகும்: வெட்டவெளியில் எட்டக்கூடிய தொலைவு உண்மையைவிட 1.64 மடங்காகத் தோன்றும். தேவையான அளவை மட்டும் எட்டும் இணைப்பு என்றால், கணக்கில் சரியாக இருந்தது கம்பத்தில் ஏற்றியபின் இயங்காது.

அலையின் மின்புலம் சுழன்றபடி செல்லும் வட்ட முனைவாக்க ஆன்டெனாக்களுக்கு டிபிஐசி (dBic) என்றொரு அலகும் உண்டு. அவற்றை நான் செயற்கைக்கோள் சைகைகளைப் பெறுவதற்கு மட்டுமே கையாண்டிருக்கிறேன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மறுமுனை, மின்புலம் ஒரே கோட்டில் அதிரும் நேர்கோட்டு முனைவாக்கத்தில் இருந்தால் 3 டெசிபெல்லைக் கழிக்க வேண்டும்.

வெறும் டிபி என்று எழுதிய ஆன்டெனாவை நான் வாங்கவில்லை. வேறு வழியின்றி அத்தகைய எண்ணைப் பயன்படுத்த நேர்ந்தால், இணைப்பு எட்டுமா என்று பார்க்கும்போது அதை டிபிஐ என்றும், அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சு வரம்பை மீறுகிறோமா என்று பார்க்கும்போது டிபிடி என்றும் கொள்கிறேன்; இரண்டிலும் பாதுகாப்பான பக்கம் அதுவே.