மூன்று வருடம், இருபத்து மூன்று டப்பா பெல்லட்

முதல் எட்டு மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் விடிந்தன. காலை 5 மணி, ஃபேன் ஆஃப், ஜன்னல் சாத்தியாச்சு. இடுக்கியால் ஒரு பெல்லட்டை, அதாவது ஏர் ரைபிளில் போடுகிற ஈயக் குண்டை, எடுத்துத் தராசில் வைப்பேன். 0.531 கிராம். அடுத்தது 0.528. அடுத்தது 0.533. இப்படி 500, ஒரே எடையில் இருப்பதைத் தனியே பிரிக்க. ஒன்றுக்கு 20 விநாடி என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். அதற்குள் டவுன் வெயில் ஏறி, நெற்றி வேர்வை தராசுத் தட்டில் சொட்டப் பார்க்கும். இப்படிப் பாடுபட்டதில் முக்கால்வாசி வீண் என்று புரிய எட்டு மாதம் ஆனது. யாராவது இதே குழியில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதே பிரிவு. துப்பாக்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் மேட்ச் ரைபிள், போட்டிக்கென்றே செய்தது. சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடுவது. இலக்கு அட்டையில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, அவ்வளவுதான். பாய்கிற குண்டே 4.5 மி.மீ. தடிமன். தசமக் கணக்கில் 10.9 முழு மதிப்பெண், குண்டு 0.25 மி.மீ. தள்ளிப் போனால் 0.1 போச்சு. ஆகவே குண்டு சரியில்லை என்றால் கை எவ்வளவு நிதானமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வெளிநாட்டில் தூரத்து இலக்கைச் சுடுகிறவர்கள் பித்தளை உறையில் மருந்தை அளந்து கொட்டித் தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். நமக்கு அந்த வழியே கிடையாது. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி, கடையில் வருகிற பெல்லட்டில் நல்லதைப் பொறுக்குவதுதான் நம் கைவேலை. அதோடு என் துப்பாக்கி துப்புகிற சக்தி மொத்தமே ஏழரை ஜூல் சொச்சம். ஏழரை என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது, அது வேறு கதை.

வீடு பழைய காலத்து நீள வீடு. முன்பக்கத் தார்சாவில் நின்றால் புறவாசல் சுவர் வரை நேர்கோடு. டேப் வைத்து அளந்தால் 10 மீட்டர் போக மிச்சமே இருக்கிறது. புறவாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள், சுவரோரம் இரும்புப் பெட்டிக்குள் அட்டை. வீட்டில் இருக்கிற எல்லாரும் எனக்குப் பின்னால் வந்த பிறகுதான் முதல் குண்டு. இந்த விஷயத்தில் மட்டும் நான் கறார்.

தராசு வாங்கப் போன இடத்தில் நகைப் பட்டறை ஆசாரி ஒருவர் சிரித்தார். "ஈயத்த நிறுக்கவா தம்பி மில்லித் தராசு வாங்குதீய?" பழைய கணக்கில் ஒரு பெல்லட் நாலு குன்றிமணி எடை இருக்கும் என்று கையில் தூக்கிப் பார்த்தே சொன்னார். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், 0.53. ஃபேன் ஓடினால் எண் நிற்காது, மணிக்கு ஒருமுறை ஒரு கிராம் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றதும் அவர்தான்.

சரி, நிறுத்து என்ன கண்டேன்? நல்ல ஜெர்மன் டப்பாவில் பெரும்பாலானவை 0.526-க்கும் 0.536-க்கும் நடுவில். அந்த 0.01 கிராம் வித்தியாசம் அட்டையில் எவ்வளவு என்று ஒருநாள் பேப்பரில் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிற குண்டு 10 மீட்டருக்குள் சுமார் 17 மி.மீ. கீழே இறங்குகிறது. எடை 2 சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய 1 சதவீதம் குறையும், இறக்கம் 0.35 மி.மீ. கூடும். அதாவது அந்த 0.526 குண்டுக்கும் 0.536 குண்டுக்கும் நடுவில் மொத்தம் ஒன்றரை தசமம்கூட, 0.15 மதிப்பெண்கூட, இல்லை. என் கை அதைவிட அதிகம் ஆடுகிறது! அந்தப் பேப்பரை முதல் ஞாயிற்றுக்கிழமையே எடுத்திருந்தால் எட்டு மாதம் தூங்கியிருக்கலாம்.

கையின் ஆட்டத்தைக் கழித்துவிட்டுக் குண்டை மட்டும் சோதிக்கத் துப்பாக்கியை எதிலாவது இறுக்கிக் கட்ட வேண்டும். மேசையில் வைஸ் என்கிற இறுக்குப் பிடியைப் போட்டுப் பார்த்தேன், மேசையே அசைந்தது. கடைசியில் கை கொடுத்தது பின்கட்டில் சும்மா கிடந்த அம்மி. மிக்ஸி வந்த பிறகு அதை யாரும் தொட்டதில்லை. இரண்டு பேராகத் தூக்கி தார்சாவில் போட்டு, லேத் பட்டறையில் செய்த இரும்புப் பிடியை அதன்மேல் பூட்டி, தோல் வைத்த மரக்கட்டைகளுக்கு நடுவில் துப்பாக்கியை இறுக்கினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "அம்மி மேல துப்பாக்கியா? வெளங்குமால?" என்றாள். விளங்கியது. அன்று மாலைக்குள் எட்டு மாதத்தில் தெரியாதது தெரிந்துவிட்டது.

பெல்லட்டைத் தலை, இடுப்பு, பாவாடை என்று மூன்று பாகமாகச் சொல்லலாம். தட்டையான தலைதான் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளில் உட்கார்ந்து போகிறது. டப்பாமேல் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பது அந்தத் தலையின் அளவு. ஒரே கம்பெனி, ஒரே 0.53 கிராம், தலை அளவு மட்டும் வேறு, ஐந்தைந்தாகச் சுட்டேன். 4.49-ல் ஐந்து குண்டும் சேர்ந்து போட்ட ஓட்டை, வெளி விளிம்பிலிருந்து விளிம்புக்கு 8.5 மி.மீ. 4.50-ல் 6. ஒரே குண்டு போடும் ஓட்டையே நாலரை என்பதால், ஆறு என்பது கிட்டத்தட்ட ஒரே துளை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் செய்த வேலை இது. எடையில் வந்த 0.35 எங்கே, இந்த இரண்டரை எங்கே. ஒன்று மட்டும்: இது என் குழலின் கதை. உங்கள் குழலுக்கு 4.49 பிடிக்கலாம். இன்னொருவர் சொன்னார் என்று வாங்காதீர்கள், நான் சொன்னேன் என்றும் வாங்காதீர்கள்.

எனக்கு ஒத்துப்போனது ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, 4.50. எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் மிக நெருக்கத்தில் இரண்டாவது. உள்ளூர் டப்பா ஒன்றையும் விடாமல் சோதித்தேன், பெயர் வேண்டாம். பத்தில் ஒன்றுக்குப் பாவாடை நசுங்கியிருந்தது, தலையில் பிசிறு. ஆரம்பப் பயிற்சிக்கு, நிற்கவும் மூச்சை அடக்கவும் பழக, அது போதும். மதிப்பெண் எழுத உதவாது.

அடுத்த அடி, லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குப் போடுகிற எண். 4.50 பிடித்துப்போன சந்தோஷத்தில் ஆன்லைனில் ஐந்து டப்பா ஆர்டர் செய்தேன். டப்பாவின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பி, இதே லாட் வேண்டும் என்று கேட்டேன். சரி சார், சரி சார் என்றார்கள். வந்தது வேறு லாட், அதிலும் ஒரு டப்பா மூலையில் நசுங்கி. அம்மியில் கட்டிச் சுட்டால் ஐந்து குண்டு ஓட்டை 7.5 மி.மீ. குண்டு செய்கிற அச்சு தேயத் தேய, மாற்ற மாற்ற, அதே பெயரில் வருகிற குண்டும் மாறத்தான் செய்யும். இப்போதெல்லாம் முதலில் ஒரே ஒரு டப்பா. சோதித்துப் பிடித்தால் அன்றைக்கே அதே கடையில் அதே லாட்டில் கிடைப்பதை எல்லாம் அள்ளிவிடுவேன்.

அள்ளியதை எங்கே வைப்பது என்பதில் ஒரு பாடம். தாத்தாவின் தேக்குப் பெட்டியில் நாலு டப்பாவைப் பத்திரமாக வைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து திறந்தால் குண்டெல்லாம் திருநீறு பூசியிருந்தது. மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் ஈரமும் சேர்ந்தால் ஈயம் இப்படி வெளுக்கும். அந்தப் பொடி விஷம், ஊதித் துடைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே கூடாது. நாலும் போச்சு. இப்போது இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடுவதில்லை.

இதற்கு நடுவில் 25 மீட்டர் ஆசையும் வந்தது. திருநெல்வேலி மாவட்டத்து இட்டமொழிப் பக்கம் அத்தான் ஒருவரின் பனைவிளை, பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் செம்மண் தேரி மேடு. அதைவிட நல்ல தடுப்பு காசு கொடுத்தாலும் கிடைக்காது. அங்கே என் தட்டைத் தலைக் குண்டு மானத்தை வாங்கிவிட்டது. தட்டைத் தலை அட்டையில் வட்டமாக வெட்டுவதற்காகச் செய்தது. காற்றைக் கிழிக்கத் தெரியாது, சீக்கிரம் வேகம் இழக்கும், பக்கக் காற்றில் ஒதுங்கும். உருண்டைத் தலை ஜேஎஸ்பி எக்ஸாக்ட், 0.547 கிராம், அதே துப்பாக்கியில் அதில் பாதி அளவுக்குள் சேர்ந்து விழுந்தது. அதுவும் காலை 7 மணி வரைதான். ஆடியில் போனது என் மடத்தனம். காற்றாலைக்காரர்கள் கும்பிடுகிற காற்று அது. இலக்குக்குப் பக்கத்தில் ஒரு கீற்று ஓலையைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொய்கிற நொடிக்காகக் காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒன்பது குண்டு.

நிறுக்கிற வேலையை அடியோடு விட்டுவிடவில்லை. புது லாட் வந்தால் முப்பது எடுத்து நிறுப்பேன், டப்பா யோக்கியமா என்று பார்க்க. மற்ற நாட்களில் வெள்ளைத் துணியில் கொட்டி, நசுங்கிய பாவாடையைக் கண்ணாலேயே ஒதுக்குவதோடு சரி, பத்து நிமிடம். குழலைத் துடைத்த பிறகும், பெல்லட் மாற்றிய பிறகும் முதல் இருபது குண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அம்மி இன்னும் தார்சாவில்தான் கிடக்கிறது. நல்ல லாட்டில் கைவசம் மூன்று டப்பா. வாரம் எண்பது என்று சுட்டால் பங்குனி கடைசி வரை ஓடும்.