முதல் கைத்துப்பாக்கி: மக்கரோவா, ஸ்டாரா, பழைய போலீஸ் ரிவால்வரா?

அமெரிக்காவில் குறைந்த விலைக்குக் கைத்துப்பாக்கி தேடுகிறவர் ராணுவங்களும் காவல் துறைகளும் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகளிடம் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுவார். பல்கேரிய மக்கரோவ், செக் நாட்டு ஸீஸட்-82, ஸ்பெயினின் ஸ்டார் பிஎம், ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வர், கிளாக் 22 ஆகிய ஐந்தும் இந்த வரிசையில் அடிக்கடி எதிர்ப்படுபவை. துல்லியம், வரலாறு, அழகு என்று பேச நிறைய இருக்கிறது. முதல் தடவை வாங்குபவருக்கு நான் முன்வைக்கும் கேள்விகள் இரண்டுதான். அதன் தோட்டா பக்கத்துக் கடையில் கிடைக்குமா? சுட்டு முடித்த பிறகு அது காலியாகிவிட்டது என்பதை உங்களால் தவறில்லாமல் உறுதி செய்ய முடியுமா?

அதற்கும் முன்னால் சட்டம். உரிமம் பெற்ற கடைக்காரரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். பச்சை அட்டை பெற்றவர்கள் வாங்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். குடியேற்ற வாழ்க்கையையே குலைத்துவிடக்கூடிய விஷயம் இது. வாங்கத் தடை உள்ள நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவதும் குற்றம். மாநிலச் சட்டங்கள் வேறு தனியாக இருக்கின்றன. கலிபோர்னியா போன்ற இடங்களில் இந்தப் பழைய துப்பாக்கிகள் பலவற்றைக் கடையில் வாங்குவதே கடினம்.

இனி மக்கரோவ். 1951-இல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தச் சிறிய பிஸ்டல் ஏறத்தாழ 730 கிராம் எடை கொண்டது. கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் எட்டுத் தோட்டாக்கள். குழல் அசையாமல் துப்பாக்கியின் உடற்சட்டகத்தோடு பொருத்தப்பட்டிருக்கும், உறுப்புகள் மிகக் குறைவு, கழற்றித் துடைப்பது எளிது. பாதுகாப்பு நெம்பை மேலே தள்ளினால் பின்னிழுத்து நிற்கும் சுத்தி (விசையை அழுத்தியதும் அடித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் உறுப்பு) ஆபத்தில்லாமல் இறங்கிவிடும். புதியவருக்கு இது பெரிய வரம். ஆனால் அதே நெம்பு மேலே இருக்கும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியான ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். அதாவது, துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டுமானால் முதலில் அதைச் சுடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழகியவருக்கு இதில் சிரமம் இல்லை. முதல் மாதத்தில் இருப்பவர் இதைத் தெரிந்துகொண்டே கையில் எடுக்க வேண்டும். மேகசினை விடுவிக்கும் கொக்கி கைப்பிடியின் அடியில் இருப்பதால் இரண்டு கைகளும் தேவைப்படும்.

மக்கரோவின் உண்மையான சிக்கல் தோட்டாதான். பெயரில் 9 மில்லிமீட்டர் என்று இருந்தாலும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் பாரபெல்லம் இதற்குப் பொருந்தாது. மக்கரோவ் தோட்டாவின் குண்டு சற்றுத் தடிமன், உறை ஒரு மில்லிமீட்டர் குட்டை. மலிவான எஃகு உறைத் தோட்டாக்கள் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. 2021 செப்டம்பரில் அமெரிக்கா ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியதும் நிலைமை மாறிவிட்டது. இன்று பெரும்பாலும் இணையத்தில் வரவழைத்துத்தான் சுட வேண்டும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணம் தோட்டாவில் கரைந்துபோகும்.

ஸீஸட்-82 அதே தோட்டாவைச் சுடுகிறது. ஆனால் துப்பாக்கி என்ற வகையில் மக்கரோவைவிட ஒரு படி மேல். மேகசினில் பன்னிரண்டு தோட்டாக்கள். பாதுகாப்பு நெம்பும் மேகசின் பொத்தானும் இரு பக்கமும் இருப்பதால் இடது கைக்காரருக்கு இந்த வரிசையில் இதைவிட இணக்கமான பிஸ்டல் இல்லை. சுடும் விசையும் இதமானது. மேலே பூசிய கறுப்பு வண்ணம் பல துப்பாக்கிகளில் உரிந்திருக்கும்; அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குறை ஒன்று: மக்கரோவில் உள்ளதுபோலச் சுத்தியை இறக்கும் நெம்பு இதில் கிடையாது. உள்ளே தோட்டா இருக்கும்போது கட்டைவிரலால் சுத்தியை இறக்க ஒரு புதியவர் முயலவே கூடாது. சுடுவதை நிறுத்தினால் மேகசினை எடுத்து, அறையையும் (குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) காலி செய்துவிடுவதுதான் சரி.

ஸ்டார் பிஎம் ஸ்பெயினின் சிவில் காவல் படை பயன்படுத்திய பிஸ்டல். கனமான எஃகு, எட்டுத் தோட்டா மேகசின், கையில் பிடித்தாலே நம்பிக்கை தரும் வடிவம். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கும் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் பாரபெல்லத்தைச் சுடுகிறது. இதுவே வெற்றியாளர் என்று தோன்றும். ஆனால் தயாரித்த நிறுவனம் 1997-இல் மூடப்பட்டுவிட்டது. தோட்டாவைத் தட்டும் ஊசி முறிந்துபோவது இந்தத் துப்பாக்கியின் பெயர்போன நோய். தோட்டா இல்லாமல் வெறும் விசையை அழுத்திப் பழகுவது புதியவருக்கு மிகச் சிறந்த பயிற்சி. இதில் அதைச் செய்தால் ஊசிக்கு ஆபத்து. மாற்று உறுப்பைத் தேடி அலைய வேண்டியதாகிவிடும். இரண்டாவது துப்பாக்கியாக இதை வாங்குங்கள், மனம் குளிரும்.

பழைய சோவியத் பிஸ்டலான டொக்கரேவையும் ரஷ்ய நகான் ரிவால்வரையும் முதல் துப்பாக்கியாக வாங்க வேண்டாம். இரண்டின் தோட்டாவும் அரிது. அசல் டொக்கரேவில் பாதுகாப்பு நெம்பே இல்லை. இறக்குமதிக்காகப் பின்னர் சேர்த்தார்கள். நகான் ஒரு காலத்தில் நூறு டாலருக்கும் கீழே விற்றது, இப்போது அந்த மலிவும் போய்விட்டது. செக் நாட்டு விஇஸட்-52 பிஸ்டலில் சுத்தியை இறக்கும் நெம்பை நம்பவே கூடாது. தேய்ந்துபோன துப்பாக்கியில் அது தோட்டாவை வெடிக்கச் செய்துவிடலாம்.

பாயிண்ட் 40 என்ற அளவுத் தோட்டாவைச் சுடும் கிளாக் 22 பிஸ்டல் நவீனமானது, உறுப்புகள் எங்கும் கிடைக்கும். எஃப்பிஐ மீண்டும் 9 மில்லிமீட்டருக்குத் திரும்பியதைத் தொடர்ந்து பல காவல் துறைகள் தங்களுடைய பாயிண்ட் 40 துப்பாக்கிகளைக் கழித்துவிட்டன. அதனால்தான் இது மலிவாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் இடுப்பில் சுமந்து மேலே கீறல் விழுந்தவை, அதிகம் சுடப்படாதவை. ஆனால் பாயிண்ட் 40 கையில் வெடுக்கென்று உதைக்கும். புதியவர் கண்ணை மூடிக்கொண்டு சுடும் கெட்ட பழக்கத்தை அது விரைவில் ஏற்படுத்திவிடும். இன்னொன்று: துடைப்பதற்காக இதைக் கழற்ற வேண்டுமானால் விசையை அழுத்தியே ஆக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டோமே என்ற நினைப்பில், அறைக்குள் ஒரு தோட்டா இருப்பதை மறந்தவர்களுக்கு நேர்ந்த விபத்துகள் ஏராளம்.

என் மனம் மாடல் 10-இன் பக்கமே நிற்கிறது, அதன் காரணமும் இதுதான். தோட்டாக்களைத் தாங்கும் உருளையை வெளியே தள்ளினால் ஆறு துளைகள். வெளிச்சம் தெரிந்தால் காலி, தெரியாவிட்டால் காலி இல்லை. மறைவான அறை என்று ஒன்று கிடையாது. 1899-இல் தொடங்கிய இந்த வகை லட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்டது. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பல தலைமுறைகளாகச் சுமந்தது. பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டா 9 மில்லிமீட்டரைவிட விலை அதிகம்தான், ஆனால் கடையில் கிடைக்கும். நான்கு அங்குலக் குழலும் எஃகின் எடையும் உதைப்பை விழுங்கிவிடும். ஆறு தோட்டாக்கள் போதாது என்பவர்கள் உண்டு. சுடக் கற்றுக்கொள்ள ஆறு தாராளம்.

ஆனால் பழைய ரிவால்வரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, காலி என்பதை இருவரும் பார்த்த பிறகு, சுத்தியை மெல்லப் பின்னிழுங்கள். சுத்தி முழுதாக நிற்பதற்குள் உருளை இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு துளைகளுக்கும் இதைச் செய்து பாருங்கள். மூடிய உருளையை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. உருளையை வெளியே தள்ளிச் சுழற்றும்போது நடுக்கம்பி தள்ளாடினால் அது வளைந்திருக்கிறது. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள்சுவரில் சுருளாக ஓடும் வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும், நடுவில் வளையம்போல் நிழல் தெரிந்தால் குழல் புடைத்திருக்கிறது, விட்டுவிடுங்கள். மேலே நீலப்பூச்சு இடுப்பு உறையில் உரசித் தேய்ந்திருப்பது குறையே இல்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

பட்ஜெட்டில் பூட்டுப்பெட்டி, காது மூடி, கண்ணாடி, ஒரு நாள் பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பெட்டி வந்த பிறகே துப்பாக்கி வரட்டும். பெட்டிக்குப் பணம் போதவில்லை என்றால் அடுத்த மாதம் வாங்குங்கள்.

நல்ல மாடல் 10 கிடைக்கவில்லை, பிஸ்டல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸீஸட்-82. துப்பாக்கிக்குப் பணம் கட்டும் முன்பே தோட்டா எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.