மூன்று மணிநேரம் காக்க வைத்தார்கள், ஆனால் தமிழில் வாசித்துக் காட்டினார்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை செய்யும் பிள்ளையின் முன்கையில் அயன் சுட்ட தழும்பு. வேலையில் பட்டதாக்கும் என்று இரண்டு கிழமை சும்மா இருந்துவிட்டேன். கடையில் அயன் பண்ணுவது நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. சுட்டது அவள் கணவன்.

போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு. இலவச சட்ட உதவி கொடுக்கும் இடம். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன்.

8.30க்கு நம்பர் எடுத்தோம், 11.40க்குத்தான் கூப்பிட்டார்கள். மேசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டுமே. காணி வழக்குக்கு வந்த ஐயா ஒருவர் பேப்பரை விரித்தபடி எங்கள் கதை முழுவதையும் கேட்டார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

சட்டத்தரணி மிஸ் முதலில், அவள் முன்பே ஸ்டேசனில் கொடுத்திருந்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டார். சிங்களத்தில் இருந்தது. "இதில என்ன எழுதியிருக்கு, தெரியுமா தங்கச்சி?" தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டிருக்கிறாள். மிஸ் வரி வரியாகத் தமிழில் சொன்னார். கணவனோடு வாய்த்தர்க்கமாம். சமாதானமாகப் போக இணங்கினாளாம். அயன் எங்குமே இல்லை.

அப்புறம் மிஸ் நடந்ததைப் புதிதாக எழுதினார். எந்தக் கிழமை, எந்தக் கை, சுவிட்சைப் போட்டது யார் என்று கேட்டுக் கேட்டு. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே பேனாவை நீட்டினார். அதற்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விவாகரத்து கேட்காமலே, கணவன் மேலும் வன்முறை செய்யாமல் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். அவள் சார்பில் பொலிஸே கேட்கலாமாம், ஸ்டேசனில் யாரும் வாய் திறக்கவில்லை. விண்ணப்பம் போட்டால் 14 நாளுக்குள் விசாரணை. அவசரமென்றால் அதற்குள் இடைக்காலக் கட்டளை. முழுக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். 10,000 ரூபா, கல்யாணப் பிளவுஸ் ஒன்றுக்கு நான் வாங்கும் கூலி.

ஒரு சதமும் வாங்கவில்லை, போட்டோக்கொப்பிக் காசு மட்டும். போகிறவர்கள் அடையாள அட்டை, முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலைத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் 1938க்கு அழைக்கலாம், அது பெண்களுக்கான உதவி இலக்கம்.