திருப்பூரில் ஒரு பின்னல் பூக்கடை

பனியன் துணிக்குப் பேர்போன திருப்பூரில், கையால் பின்னிய பூக்களை மட்டுமே விற்கும் கடை ஒன்று இருப்பதை என் நாத்தனார் சொல்லித்தான் அறிந்தேன். நூல் கடை ஒன்றின் மாடியில் இரண்டு பெண்கள் நடத்தும் சிறிய இடம் அது. அங்கே ஒரு ரோஜாச் செண்டு, சேலையில் குத்திக்கொள்ளும் செங்காந்தள் புரோச், ஒரு முழம் மல்லிகைச் சரம் ஆகிய மூன்றையும் 940 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

மூன்றில் சிறந்தது ரோஜாதான். பனியன் தைக்கும் சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்வது இந்த ஊர்க் கட்டிங் மாஸ்டர்களுக்குத் தீராத தலைவலி. பின்னலின் நூல் வளையங்களான கண்ணிகள் எல்லாம் ஒரே முகமாக நிற்பதால் இருபுற இழுவையும் சமப்படாமல் விளையும் குறை அது. அந்தக் குறையையே இவர்கள் இதழாக்கியிருக்கிறார்கள். இரண்டு ஊசிகளால் அதே வகைப் பின்னலில் நீளமான பட்டை ஒன்றைப் பின்னி, ஒரு முனையிலிருந்து சுருட்டி, அடியில் நான்கு தையல் போட்டுவிடுகிறார்கள். இதழோரம் தானாகவே வெளிப்பக்கம் மடிந்து நிற்கிறது; கம்பியும் இல்லை, பசையும் இல்லை. பூவைத் திருப்பிப் பார்த்தேன், நூல் முனை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகில் கொண்டுபோகக் கூடாது. அக்ரிலிக் நூல் சூட்டில் துவண்டுவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

செங்காந்தள், கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் செய்தது. மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் இந்தக் கொடியைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆறு இதழ்கள், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் கூடுதலாக இரண்டு மூன்று கண்ணிகளைத் திணித்து வரவழைத்த ஓர அலை உண்மையிலேயே அழகு. ஆனால் இதழ்களைப் பின்னோக்கி வளைக்க உள்ளே வைத்த கம்பியின் முனையை மடித்து மூடாமல் விட்டிருக்கிறார்கள். அது என் பட்டுச் சேலையில் இரண்டு இழைகளை இழுத்துவிட்டது. 280 ரூபாய் வாங்குகிற பொருளில் இந்தக் கவனக்குறைவை ஏற்பதற்கில்லை.

மல்லிகைச் சரம் வெள்ளைப் பருத்தி நூலில் செய்தது. முழம் கணக்கில்தான் விற்கிறார்கள், அந்த முழமும் பூக்காரம்மா முழத்தைவிடச் சற்றுத் தாராளம். பருத்தி என்பதால் கூந்தல் எண்ணெயை உறிஞ்சி நான்காம் முறைக்குள் மஞ்சளடித்துவிட்டது. அதைத் துவைக்கும்போது செங்காந்தளையும் சேர்த்தே ஊறவைத்தது என் பிழைதான் என்றாலும், சிவப்புச் சாயம் இறங்கும் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது என் மல்லிகை இளஞ்சிவப்பாக இருக்கிறது. துவைத்தபின் லேசாகக் கஞ்சி போட்டால் மொட்டுகள் மறுபடி விறைத்து நிற்கின்றன.

தைப் பொங்கலையொட்டி வரும் பூப்பறிக்கும் நோன்புக்கு, பெண் பிள்ளைகள் தலையில் வைத்துக்கொள்ள ஆவாரம்பூ கிளிப் கிடைக்குமா என்று கேட்டேன். மாதிரிக்கு ஒன்று செய்து காட்டினார்கள். ஐந்து இதழும் சரி, நிறம்தான் எலுமிச்சைப் பழம்போல் வெளுத்திருந்தது. அசல் கொத்தைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்தும் நூலைத் தேடி வாங்கிச் செய்து தருவதாகச் சொன்னார்கள். ஒன்று 60 ரூபாய், 20க்குக் குறைந்தால் எடுப்பதில்லை.