கடதாசித் தென்னையும் சீமெந்துப் பைப் பனையும்: சில மாரிகள் கடந்த பிறகு

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற வீட்டில் எந்தப் பொருளின் தரமும் மாரியில்தான் தெரியவரும். ஐப்பசியில் தொடங்கும் ஈரம் தை வரை சுவரை விட்டுப் போகாது. அப்புறம் ஆனி, ஆடியில் கச்சான் என்கிற வெக்கைக் காற்று. தகரக் கூரைக்குக் கீழே பகலில் உட்கார முடியாது. உப்புக்காற்று மட்டும் வருடம் முழுக்க உண்டு. என்னுடைய மாதிரி ரயில் (மொடல் ரயில்) மேசை இருப்பது இப்படியான ஓர் அறையில். வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர், மட்டக்களப்பு என்று நான்கு நிலையங்களைச் சுருக்கி ஒரு மேசைக்குள் அடக்கியிருக்கிறேன். அதில் நிற்கும் தென்னை, பனை எல்லாம் வீட்டில் செய்தவை. பல மாரி, பல கச்சான் பார்த்துவிட்டன. எது நின்றது, எது போனது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. என் பாதை எச்ஓ (HO) என்ற அளவு, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு, 1:87. நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1676 மில்லிமீற்றர். அந்தக் கணக்கில் மாதிரியில் அந்த இடைவெளி 19 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 தான். பாதையிலேயே விட்டுக்கொடுத்தாயிற்று, மரத்திலாவது கணக்குச் சரியாக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். 18 மீற்றர் தென்னை 1:87 இல் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் வரும். ரயில் பெட்டியின் உயரத்தைப்போல நாலரை மடங்கு. ஓலை ஒன்று 5 மீற்றர் என்றால் 57 மில்லிமீற்றர். இந்தக் கணக்கோடு பார்த்தால், பாக்கெட்டில் வரும் பிளாஸ்டிக் தென்னைகள் பெரும்பாலும் பாதி உயரம்கூட இல்லை. பளபளவென்ற பச்சை, ஐந்தாறு ஓலை, மண்ணிறத் தண்டு. கூட்டாளி ஒருவன் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், இது ஹவாயில ஓடுற ரயிலா?" என்று கேட்டான். தண்டை வெட்டி எறிந்துவிட்டு உச்சியை மட்டும் மண்ணில் குத்தினால் நல்ல தென்னம்பிள்ளை ஆகும். அதற்கு மேல் அவற்றால் பயன் இல்லை. பனை? அது எந்தப் பாக்கெட்டிலும் வரவில்லை. பனையும் இளம்பனையான வடலியும் இல்லாமல் நம் பக்கத்து ரயில் பாதையைக் காட்டவே முடியாது என்பேன்.

தண்டு விஷயத்தில் இரண்டு வகைக் கம்பிகளை ஒரே நேரத்தில் பரீட்சித்துப் பார்த்தேன். ஒன்று ஹாட்வெயார் கடைக் கட்டுக்கம்பி, மற்றது வீட்டு வயரிங் வேலையில் மிஞ்சிய ஏழு இழைச் செப்புக் கேபிள். கட்டுக்கம்பி மலிவு, வளைக்கவும் சுகம். ஆனால் முதல் மாரியிலேயே துரு மேலே கசிந்துவிட்டது. தண்டில் அந்தக் கறை அழகாகத்தான் இருந்தது, அடுத்த மாரியில் உச்சியில் கம்பி இற்று, தலை தனியாகக் கழன்று விழும்வரை. செம்பு அப்படியே இருக்கிறது. கேபிளின் உறையை உரித்து, இழைகளைச் சேர்த்து முறுக்கி, மேலே போகப்போக ஒவ்வோர் இழையாக வெட்டிவிட்டால் தண்டு தானாகவே மெலியும். அதன்மேல் 3 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டிய மாஸ்கிங் டேப்பைச் சுற்றினால் ஓலை விழுந்த வளையத் தழும்புகள் கிடைத்துவிடும். அடியில் இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போட்டால் தென்னையின் பருத்த அடி. வளைவும் அடியில்தான் வேண்டும்: கீழ்ப்பகுதி சரிந்து, அப்புறம் வானத்தைப் பார்த்து நிமிர வேண்டும். முழுத் தண்டையும் வில்லாக வளைத்தால் பொய் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, தென்னந்தண்டு மண்ணிறம் இல்லை. யன்னலால் எட்டிப் பாருங்கள், சாம்பல் நிறம். பனை அதைவிடக் கறுப்பு.

தென்னோலைக்குக் கோழி இறகைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னால் பார்வைக்கு இறகை வெல்ல எதுவும் இல்லை. ஓரத்தைக் கத்தரித்துப் பச்சை பூசினால் அசல் ஓலை. இறைச்சிக்கடையில் சும்மா கிடைக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் இறகைத் தின்னவே பிறந்த சிறு வண்டுப் புழுக்கள் இருக்கின்றன. ஒரு கச்சான் காலம் முடிய என் இறகுத் தென்னைகளில் நடு ஈர்க்கு மட்டும் மிஞ்சியது. குளிரூட்டிய அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்களுக்குச் சரி. எனக்குச் சரிவராது.

இப்போது நிற்பவை எல்லாம் சாதாரண போட்டோகொப்பிக் கடதாசி. இரண்டு பக்கமும் அக்ரிலிக் பெயின்ற் பூசிக் காயவிட்டு, 57 மில்லிமீற்றர் நீளம், நடுவில் 16 மில்லிமீற்றர் அகலமாக வெட்டி, நீளவாக்கில் மடித்து, மடிப்புக்குள் பழைய சார்ஜர் வயரின் மெல்லிய செப்பு இழையை ஒட்டுவேன். ஓரத்தை நுனி நோக்கிச் சரிவாக, மில்லிமீற்றருக்கு ஒன்றாக நறுக்கவேண்டும். இந்த வேலை பொறுமையைத் தின்னும், கிரிக்கெட் ஓடும்போது செய்வது நல்லது. வெட்டிய பிறகு பூசினால் கடதாசி நனைந்து சுருளும், ஓலை நுனிகள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பூச்சு முதலில். பச்சை நிற கிரேப் கடதாசி பக்கமே போகவேண்டாம், வெயிலில் வெளுத்து, ஈரத்தில் சாயம் விட்டுவிடும்.

அசல் தென்னையில் முப்பது ஓலைக்கு மேல் இருக்கும். மாதிரியில் பதினாறு போதும். எண்ணிக்கையைவிட அடுக்குத்தான் முக்கியம். குருத்து நேராக, நடு ஓலைகள் கிடையாக, கீழே உள்ளவை தண்டை நோக்கித் தொங்க, ஒன்றிரண்டு காய்ந்து பழுப்பாக. அடுத்தடுத்த ஓலைகளை எதிரெதிராக வைக்காமல் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே தள்ளித் தள்ளி ஒட்டினால் உச்சி இயல்பாக நிரம்பும். பன்னாடைக்கு, குடித்து முடித்த தேயிலைப் பையின் கடதாசியைக் கிழித்துச் சுற்றுகிறேன். நிறமும் நாரும் அதிலேயே வந்துவிடும். தேங்காய்க்கு 3 மில்லிமீற்றர் பாசிமணி. செவ்விளநீருக்குச் செம்மஞ்சள் மணி, பெயின்ற்கூடத் தேவையில்லை. ஒரு மரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பிளேன்டீ குடிக்கமுடியாது.

பனைதான் எனக்குப் பிடித்த வேலை. அதற்குச் சீமெந்துப் பைக் கடதாசியை அடிக்க ஒன்றும் இல்லை. நார் நீளம், கிழியாது, மடித்தால் மடிப்பு அப்படியே நிற்கும். சீமெந்துத் தூசியை மட்டும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். 7 மில்லிமீற்றர் அகலம், 40 மில்லிமீற்றர் நீளத் துண்டை மாறி மாறி மடித்து, ஒரு ஓரத்தைச் சேர்த்துக் கிள்ளி ஒட்டினால் மறு ஓரம் விரிந்து பனையோலை ஆகும். விரிந்த ஓரத்தில் ஒவ்வொரு மடிப்பையும் கூராக வெட்டவேண்டும். மட்டைக்கு 12 மில்லிமீற்றர் கம்பி. இருபது, இருபத்தைந்து ஓலையைப் பந்துபோல எல்லாத் திசைக்கும் குத்தினால் பனந்தலை. கீழே பூசாத கடதாசியில் சில ஓலைகளைத் தொங்கவிடுகிறேன், அதன் இயற்கை நிறமே காவோலை நிறம். பழமொழியில் காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும். மேசையில் இரண்டையும் நாம்தான் ஒட்டவேண்டும். நுங்குக்குக் கடுகு, அளவும் கறுப்பும் சரியாகப் பொருந்தும். எல்லா மரத்திலும் கடுகு ஒட்டவேண்டாம், ஆண்பனை காய்க்காது. தண்டில்லாமல் நாலைந்து ஓலையைக் கங்குமட்டையோடு (மட்டையின் அகன்ற அடியோடு) நிலத்தில் குத்தினால் வடலி. பாதை ஓரத்தை நிரப்ப இதைவிடச் சுலபமான வழி இல்லை.

காத்தான்குடிப் பிரதான வீதியில் நிற்கிற பேரீச்சைகளும் எனக்கு ஆசை. ரயில் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். என் மேசையில் காத்தான்குடி வரை போகிறது, கேட்க யார் இருக்கிறார்கள்? ஓலை செய்யும் முறை தென்னையுடையதே, மடிப்பு மட்டும் தலைகீழ். தென்னையில் நடு ஈர்க்கு மேடாக நின்று இருபுறமும் சரியும். பேரீச்சையில் இருபுறமும் மேலே எழும்பி நடுவில் பள்ளமாக இருக்கும். நிறத்தில் சாம்பல் கலந்தால் அடையாளம் சொல்லத் தேவையில்லை.

பசையில் என் தீர்ப்புச் சுருக்கமானது. குளூ கன் வேண்டாம். கச்சான் வெக்கையில் அந்தப் பசை இளகி, நிமிர்ந்து நின்ற ஓலைகள் எல்லாம் மெல்ல மெல்லத் தொங்கிவிட்டன. தச்சர்கள் பாவிக்கும் வெள்ளை பைண்டர் கம் காயப் பிந்தும், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். மாவுப்பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. கடைசியில் முழு மரத்துக்கும் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. பூசிய மரங்களில் பூஞ்சணம் பிடிக்கவில்லை. பூசாமல் ஒப்பிட்டுப் பார்க்க விட்டவை அடுத்த மாரியிலேயே புள்ளி புள்ளியாகக் கறுத்தன. பூச்சிக்குப் பயந்து பூச்சி உருண்டையை மேசைக்குள் போட நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்: நப்தலீன் ஆவி பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். மரம் தப்பும், ரயில் பெட்டி போய்விடும்.

மரங்களை மேசையில் ஒட்டவில்லை. ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை அடித்தளத்தில் தீர்ந்த பேனா ரீஃபில் குழாயைத் துண்டுபோட்டுப் புதைத்து, தண்டின் கம்பியை அதில் செருகியிருக்கிறேன். மாரிக்கு முன் கழற்றிப் பெட்டியில் போடலாம், தூசியை வெளியே கொண்டுபோய் மென்தூரிகையால் தட்டலாம். தடம்புரண்ட பெட்டியைத் தூக்கக் கை நீட்டும்போது சட்டைக்கை 20 சென்ரிமீற்றர் தென்னையில் மாட்டுவது நிச்சயம். அதனால் உயர்ந்தவை பின்னால், வடலியும் தென்னம்பிள்ளையும் முன்னால். காலத்தையும் பார்க்கவேண்டும். மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் சூறாவளியை அடுத்த வருடங்களைக் காட்டுகிறவர், தலையில்லாத மொட்டைத் தண்டுகளைத்தான் அதிகம் நடவேண்டியிருக்கும். அவருக்கு ஓலை வேலை மிச்சம். வாழைச்சேனைக்கு அப்பால், புணானைப் பக்கம் மேசையை நீட்டுவதாக இருந்தால் இந்த மரங்கள் ஒன்றுமே உதவாது. அங்கே பாதை காட்டுக்குள் போகிறது. பாலை, வீரை என்ற காட்டு மரங்கள்தான் வேண்டும், அவற்றுக்கு மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றுவதை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.