பார்ட்ஸுக்குத்தானே என்று வாங்கிய இம்பல்ஸ்

சேலம் பக்கத்தில் ஒருவரிடம் 28,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய ஹீரோ இம்பல்ஸ் பைக் வாங்கினேன். ஓட்டுவதற்கு இல்லை, பிரித்து பார்ட்ஸ் எடுப்பதற்கு. இப்போது அந்த வண்டியும் என்னிடம் இல்லை, பணமும் இல்லை. இதே யோசனையில் யாராவது இருந்தால் அட்வான்ஸ் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

முதலில் என் சொந்த வண்டி. 2012 மாடல் இம்பல்ஸ். பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் நாலு வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. ஆர்.சி. புக் சுத்தமாக இருந்தது, பெயர் மாற்றமும் சிக்கல் இல்லாமல் முடிந்தது. இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்கு: ஹோண்டாவிடமிருந்து பிரிந்த கையோடு 2011-ல் ஹீரோ கொண்டுவந்தது. முன்னால் 19 இஞ்ச் ஸ்போக் வீல், பின்னால் 17, ஒற்றை ஷாக், எட்டிக் கால் போட வேண்டிய உயரத்தில் சீட். அந்த உடம்புக்கு 150 சிசி பத்தாது என்று அப்போது ஆளாளுக்குக் குறை சொன்னார்கள். விற்பனை எடுபடவில்லை, நிறுத்திவிட்டார்கள். இப்போது மண் ரோட்டில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் அதையே தேடி அலைகிறோம்.

இன்ஜின் உள்சாமான் பெரிய கவலை இல்லை. ஹீரோவின் ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் பைக்குகள் எல்லாம் அதே 149.2 சிசி குடும்பம்தான். டேங்க், சைடு கவர், முன் மட்கார்டு, பின் ஷாக், ஸ்விங் ஆர்ம், இவைதான் பாடு. ஹீரோ பின்னால் கொண்டுவந்த மண் ரோட்டு பைக்கான எக்ஸ்பல்ஸின் சாமான் சேராதா என்று கேட்பார்கள். அதன் வீலே 21-க்கு 18. ஆக இன்னொரு இம்பல்ஸைப் பிடித்துப் பிரிப்பதுதான் வழி.

விளம்பரத்தில் போட்டோ பார்த்தேன். கவர்கள் உடையாமல் இருந்தன, டேங்கில் நசுங்கல் இல்லை. போனில் பேசியவர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். "முன்னாடி லேசா அடிங்கண்ணா, இன்ஜின் கல்லு மாதிரி இருக்குது, வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றார். ஆர்.சி. புக் பற்றிக் கேட்டேன். "பார்ட்ஸுக்குத்தானுங்கண்ணா? புக்கை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. அந்த ஒரு வார்த்தையில் நான் கேட்க வேண்டிய எல்லாக் கேள்வியும் அடங்கிப்போனது. ஓட்டுவதற்கு வாங்குகிற வண்டியென்றால் சேசிஸ் நம்பரை டார்ச் அடித்துப் பார்த்திருப்பேன். பிரிக்கப்போகிற வண்டிதானே என்று கை வீசிக்கொண்டு போனேன். என்னை மாதிரி ஆட்கள் அப்படித்தான் வருவார்கள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நானும் ஒரு நண்பனும் போய்ச் சேரும்போது ராத்திரி மணி ஏழு. ஷெட்டில் ஒரே ஒரு குண்டு பல்பு. இன்ஜின் முதல் கிக்கிலேயே எடுத்தது, புகை இல்லை, சத்தமும் அடக்கமாக இருந்தது. சிலிண்டரில் கை வைத்த நண்பன், "சூடா இருக்கே?" என்றான். "இப்பத்தான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டோம். குட்டியானையில் ஏற்றச் சுலபமாக இருக்கட்டும் என்று வீல்களை ஏற்கெனவே கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். எவ்வளவு அக்கறை! பணம் ரொக்கமாகவே வேண்டும் என்றார், கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

மறுநாள் காலை கோயம்புத்தூரில் சாக்கைப் பிரித்தால், முன் வீல் டயரின் பக்கவாட்டில் 18 என்று இருக்கிறது. ஏதோ சாதாரண வண்டியின் ஸ்போக் வீல். முன் வீலைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் கிரீஸை அப்பியிருந்தார்கள். துடைத்தால் குரோம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தது. அதில் எத்தனை புது ஆயில் சீல் போட்டாலும் ஒரு மாதத்தில் கிழித்துவிடும். குழாய்களைக் கண்ணாடிப் பலகையில் வைத்து உருட்டினோம். ஒன்று வளைந்துபோய்த் தத்தித் தத்தி உருண்டது. லேசான அடியாம்.

இன்ஜின் ஆயிலை இறக்கினால் தேன் மாதிரி ஒழுகுகிறது. சத்தமும் புகையும் தெரியாமல் இருக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது பழைய வித்தை, எனக்கே தெரியும், ஆனாலும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் 1.00 என்று அடித்திருந்தது. அதாவது தேயத் தேய 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றாக ரீபோர் செய்து, உள்ளே கடைந்து பெரிதாக்கி, கடைசி சைஸுக்கு வந்துவிட்ட சிலிண்டர். இனி உள்ளே புது உருளையாக ஸ்லீவ் போட வேண்டும், இல்லையென்றால் புது பிளாக்.

இதுவரை நடந்தது சாதாரண ஏமாற்று. திட்டிவிட்டு மறந்திருப்பேன். பின் ஷாக்கும் டேங்கும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. இரண்டையும் என் வண்டியில் மாட்டி, டேங்குக்குப் பெயின்டும் அடித்தேன்.

ஒரு வாரம் கழித்து, அந்த ஃபிரேமை இரும்புக்கடைக்குப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். ஸ்டீயரிங் கழுத்தில் பெயின்டைச் சுரண்டியிருந்தார். சேசிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓட்டிய தடம், அதன்மேல் பட்டி. அப்புறம்தான் நம்பர் பிளேட்டில் இருந்த எண்ணை, வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டேன். ஏதோ ஒரு ஸ்கூட்டரின் விவரம் வந்தது. ஒரு நிமிட வேலை. சேலம் போகிற பஸ்ஸிலேயே செய்திருக்கலாம்.

அந்த ஆளின் போன் அன்றிலிருந்து சுவிட்ச் ஆஃப். ஷெட்டும் அவருடையது இல்லையாம், மாத வாடகைக்கு எடுத்ததாம்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்கி வைத்திருந்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின் கீழ் மூன்று வருடம் வரை சிறை என்றார். "தெரியாம வாங்கினேன்னு நீ சொல்லுவ. புக் இல்லாத வண்டியை ராத்திரியில ரொக்கம் கொடுத்து ஏன் வாங்கினன்னு அவங்க கேப்பாங்க" என்றார். எழுத்தில் புகார் கொடுத்து வண்டியை அப்படியே ஒப்படைப்பதுதான் வழி. அப்படியே என்றால் ஷாக், டேங்க் உட்பட. புதுப் பெயின்டோடு கழற்றிக் கொடுத்தேன். சுமந்து போனபோது வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி முடியாது.

ஒன்றில் மட்டும் தப்பித்தேன். ஆரம்பத்தில் அந்த இன்ஜினையே என் வண்டியில் இறக்கிவிடலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். இன்ஜின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ.விடம் சொல்லி, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று காட்டக் காகிதம் வேண்டும். என் வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது. மறுபதிவுக்குக் கொண்டுபோகும்போது இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் புக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சிலிண்டர் கெட்டுப்போயிருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது.

பார்ட்ஸுக்கு வாங்கினாலும் ஆர்.சி. புக்கைக் கையில் வாங்குங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று அதிலேயே தெரியும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்குங்கள், அல்லது விற்பவரே புக்கை ஆர்.டி.ஓ.விடம் ஒப்படைத்து 55-வது பிரிவில் பதிவை ரத்து செய்துவிட்டுத் தரட்டும். பகலில் போங்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடான இன்ஜின் தன் கோளாறை மறைத்துச் சுலபமாக ஸ்டார்ட் ஆகும், அதனால் சூடாக இருந்தால் ஒரு டீ குடித்து ஆறும் வரை காத்திருங்கள். மூட்டையாகக் கட்டியிருந்தால் அங்கேயே அவிழ்க்கச் சொல்லுங்கள்.

என் வண்டி இப்போது ஷாக் இல்லாமல் மரக்கட்டைமேல் நிற்கிறது. போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். முழு இம்பல்ஸ் இருக்கிறது, 22,000 கொடுத்தால் போதும் என்றார். ஆர்.சி. புக்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். "பார்ட்ஸுக்குத்தானேங்க?" என்றார். மறுபடியும் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.